'மலடி' என்று சொல்லும் முன்...

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. அற்பமான ஒரு துளியிலிருந்து மனிதனை உருவாக்கி, அவனுக்குச் செவியும் பார்வையும் சிந்தனையும் தந்தவன் அவனே. அவனுடைய இறுதித் தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நிக்காஹ் முடிந்து ஓராண்டு ஆகிவிட்டால் போதும், "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. முதலில் அன்பாகக் கேட்கப்படும் இக்கேள்வி, இரண்டாம் ஆண்டில் கவலையாகவும் மூன்றாம் ஆண்டில் குற்றச்சாட்டாகவும் மாறிவிடுகிறது. அது யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். மருமகளை நோக்கித்தான்! மகனிடம் எந்த உம்மாவும் இதைக் கேட்பதில்லை. தொட்டில் கட்டும் வீட்டிலும் அகீகா விருந்திலும் அந்தப் பெண் ஓரமாக உட்கார வைக்கப்படுகிறாள். 'மலடி' என்ற பட்டம் அவள் காதுபடவே சூட்டப்படுகிறது. 'மலடன்' என்ற சொல்லும் நம் தமிழில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த ஆணையும் நோக்கி அது சொல்லப்பட்டதாக நாம் கேட்டதில்லை.

இது நியாயம்தானா? மார்க்கம் இதை ஒப்புக்கொள்கிறதா? மனிதப் பிறப்பைப் பற்றி ஆராய்ந்த அறிஞர்கள் கண்ட உண்மைகள் இதற்கு இடம் தருகின்றனவா? இவற்றைச் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

வெட்கம் அறிவுக்குத் தடையல்ல

"இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு உம்மு சுலைம் (ரலி) அம்மையாரின் வரலாற்றை நினைவூட்டுகிறோம். உறக்கத்தில் பெண்ணுக்கு ஸ்கலிதம் ஏற்பட்டால் அவள் மீது குளிப்புக் கடமையா என்று அந்த அம்மையார் பெருமானார் (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்டார்கள். உண்மையைச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்று முன்னுரை கூறிக்கொண்டே கேட்டார்கள். ஈரத்தைக் கண்டால் குளிக்க வேண்டும் என்று நபிகளார் விடையளித்தார்கள். அருகிலிருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் நாணத்தால் முகத்தை மூடிக்கொண்டு, பெண்ணுக்குமா இது உண்டு என வியந்தபோது, அப்படி இல்லையென்றால் பிள்ளை தாயின் சாயலில் பிறப்பது எவ்வாறு என்று பெருமானார் (ஸல்) திருப்பிக் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான ஹதீஸ் இது. மார்க்கத்தை அறிந்துகொள்ள வெட்கம் குறுக்கே நிற்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் மெச்சியதும் ஹதீஸ் நூல்களில் இருக்கிறது.

இந்த ஒரு கேள்வியிலும் பதிலிலும் எத்தனை பெரிய பாடம் அடங்கியிருக்கிறது! பிள்ளையின் உருவாக்கத்தில் தாய்க்கும் பங்குண்டு, தந்தைக்கும் பங்குண்டு என்பது மஸ்ஜிதுந் நபவியின் நிழலில் பேசப்பட்ட விஷயம். ஆனால் உலகத்து அறிஞர்கள் இம்முடிவுக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது.

ஆராய்ச்சி நடந்து வந்த பாதை

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், உறை ஊற்றிப் பாலைத் தயிராக்குவது போல ஆணின் இந்திரியம் பெண்ணின் மாதவிடாய் இரத்தத்தை உறையச் செய்து உருவம் கொடுக்கிறது என்று கருதினார். பெண் தருவது வெறும் மூலப்பொருள் மட்டுமே என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கையின் சாயல் அரபு நாட்டு உடற்கூறு வல்லுநர்களிடமும் படிந்திருந்தது. ஹிஜ்ரி 852ல் மறைந்த இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள், புகாரிக்குத் தாம் எழுதிய விரிவுரையான பத்ஹுல் பாரியில் இக்கருத்தை எடுத்துக்கூறி, நபிமொழிகள் இதை மறுக்கின்றன என்று தெளிவுபடுத்தினார்கள்.

1677ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி, தாமே செய்த நுண்ணோக்கியால் இந்திரியத்தைப் பார்த்தார். வாலை அசைத்து நீந்தும் எண்ணற்ற நுண்ணுயிர்களை அதில் கண்டு வியந்துபோனார். லண்டனிலிருந்த ராயல் சொசைட்டிக்கு இதை எழுதியபோது, தாம் பாவமான வழியில் அதை எடுக்கவில்லை, மனைவியுடன் கூடிய பின் எஞ்சியதையே பார்த்தேன் என்று குறிப்பிட்டார். அறிஞர்களுக்கு அருவருப்பாகத் தோன்றினால் வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மாற்று மார்க்கத்தவரான அந்த மனிதரிடமும் எத்தனை நாணம் பாருங்கள்!

அதன் பிறகும் தர்க்கம் ஓயவில்லை. விந்தணுவுக்குள்ளேயே குட்டி மனிதன் ஒருவன் சுருண்டு கிடக்கிறான், தாயின் கருப்பை அவன் வளரும் தொட்டில் மட்டுமே என்று ஒரு சாரார் வாதித்தார்கள். இல்லை, முட்டைக்குள்தான் எல்லாம் இருக்கிறது என்று மறு சாரார் வாதித்தார்கள். 1827ல் ஃபான் பேயர் என்பவர் பாலூட்டும் பிராணியின் கருமுட்டையை முதன்முதலில் கண்டறிந்தார். 1876ல் ஆஸ்கார் ஹெர்ட்விக் என்ற ஜெர்மானியர், கடல் முள்ளெலி எனப்படும் சிற்றுயிரின் முட்டையை நுண்ணோக்கியில் வைத்து, ஆணணுவின் கருவும் பெண்ணணுவின் கருவும் ஒன்றோடொன்று இணைவதைக் கண்டார். அதன் பிறகே ஐயம் தீர்ந்தது. தந்தையிடமிருந்து 23 குரோமோசோம்கள், தாயிடமிருந்து 23 குரோமோசோம்கள். இரண்டும் கூடி 46 என்பது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிந்த கணக்கு.

கலப்புத் துளியிலிருந்து மனிதனைப் படைத்ததாக அல்லாஹ் திருமறையின் 76ஆம் அத்தியாயத்தில் கூறுகிறான். இதைப் படிக்கும்போது நம் உள்ளம் சிலிர்க்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லிவைப்போம். குர்ஆன் விஞ்ஞானப் பாடநூல் அல்ல. அது நேர்வழி காட்ட வந்த வேதம். மனிதனின் ஆராய்ச்சி இன்று ஒன்று சொல்லும், நாளை அதைத் திருத்தும். ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் ஓர் ஆயத்தைத் தேடி ஒட்டிக்கொண்டிருப்பது நம் வேலையல்ல. கண்டறியப்பட்ட உண்மையைக் கொண்டு, நம்மிடையே நடக்கும் அநீதியைக் களைவதே நம் வேலை.

ஆண்மை வேறு, மகப்பேறு வேறு

ஆண்களில் பலர் பரிசோதனைக்கு மறுப்பது ஏன்? "என்னிடம் ஒரு குறையும் இல்லை, எனக்கு ஆண்மை இருக்கிறது" என்று நினைப்பதால்தான். இது அறியாமை. தாம்பத்திய உறவில் முழு வலிமையுடன் இருக்கும் ஆணின் இந்திரியத்திலும் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். ஏனெனில் வெளிப்படும் திரவத்தில் பெரும் பகுதி விந்துப் பைகளிலும் ப்ராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுவது. விதைகளிலிருந்து வரும் அணுக்கள் அதில் மிகச் சிறிய பகுதியே. கண்ணால் பார்த்து இதை யாரும் அறிய முடியாது. நுண்ணோக்கி ஒன்றுதான் சொல்லும். நூறு ஆண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு இவ்வாறு அணுவே இல்லாத நிலை உண்டு என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன.

ஒரு விந்தணுவின் நீளம் சுமார் 0.05 மில்லிமீட்டர். ஒரு மில்லிலிட்டர் இந்திரியத்தில் ஒரு கோடியே 60 லட்சம் அணுக்களாவது இருப்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் கீழ் அளவாகக் குறித்தது. எண்ணிக்கை மட்டும் போதாது. அவை நீந்த வேண்டும், உருவம் சரியாக இருக்க வேண்டும். இத்தனை கோடியில் கருமுட்டையின் அருகே சென்றடைபவை சில நூறுதான். உள்ளே நுழைவதோ ஒன்றே ஒன்று! நாம் ஒவ்வொருவரும் அந்த ஒன்றிலிருந்து வந்தவர்கள். இதை எண்ணிப் பார்ப்பவனுக்குப் பெருமையடிக்க என்ன இருக்கிறது?

அணுக்களின் குறைவுக்குக் காரணங்கள் பல. விதைப்பையில் இரத்தக் குழாய்கள் புடைத்திருப்பது, பருவ வயதுக்குப் பின் வந்த பொன்னுக்கு வீங்கி விதைகளைத் தாக்கியது, விதை இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது, சுரப்பிகளின் கோளாறு, நீரிழிவு, புகைப் பழக்கம் எனப் பட்டியல் நீளும். விதைகள் உடலுக்கு வெளியே தொங்குமாறு படைக்கப்பட்டிருப்பதிலும் ஹிக்மத் இருக்கிறது. உடற்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவான வெப்பத்தில்தான் அணுக்கள் செவ்வனே உருவாகும். ஆகவே உலைக்கு முன்னும் கொதிகலனுக்கு முன்னும் நெடுநேரம் உழைப்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

1973 முதல் 2011 வரை எடுக்கப்பட்ட மாதிரிகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி, மேலை நாடுகளின் ஆண்களிடத்தில் விந்தணுக்களின் அடர்த்தி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கூறியது. கணக்கிட்ட முறை சரியா என்று தர்க்கிப்பவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும், இது பெண்ணின் விஷயம் மட்டுமே என்று உலகில் எந்த மருத்துவரும் இன்று சொல்வதில்லை. பிள்ளையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருப்பதாகக் காணப்படுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது இச்சோதனையைச் சந்திக்கிறார் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023ல் அறிவித்தது. ஆறில் ஒருவர் என்றால், நம் தெருவில் எத்தனை வீடுகள் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

பெண்பிள்ளை பெற்றவள் செய்த குற்றம் என்ன?

பிள்ளையே இல்லாதவளின் நிலை இது என்றால், பெண்பிள்ளைகளை மட்டும் பெற்றவளின் நிலையும் சில வீடுகளில் பரிதாபமாகவே இருக்கிறது. "மூன்றாவதும் பெட்டையா?" என்று பிள்ளை பெற்ற படுக்கையிலேயே அவளிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

1905ல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, மாவுப் புழு ஒன்றின் அணுக்களை ஆராய்ந்து, பால் வேற்றுமைக்குக் காரணமான குரோமோசோமைக் கண்டறிந்தார். மனிதரிலும் அப்படியே. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்ற வகைதான் இருக்கும். தந்தையின் அணுக்களிலோ சிலவற்றில் எக்ஸ், சிலவற்றில் ஒய். எக்ஸ் வந்து சேர்ந்தால் பெண். ஒய் வந்து சேர்ந்தால் ஆண். ஆக, தாயிடத்தில் தேர்ந்தெடுக்க எதுவுமே இல்லை! ஆண், பெண் என்ற இணையை, செலுத்தப்படும் துளியிலிருந்து படைத்ததாகத் திருமறையின் 53ஆம் அத்தியாயம் கூறுவதையும் இங்கே நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் குற்றம் தந்தையுடையதா? அதுவுமில்லை. எந்த அணு முந்திச் செல்லும் என்பதை எந்தத் தந்தையும் தீர்மானிப்பதில்லை. குற்றச்சாட்டைப் பெண்ணின் தலையிலிருந்து இறக்கி ஆணின் தலையில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. இங்கே குற்றமே இல்லை என்பதுதான் நாம் சொல்ல வருவது. பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போன அறியாமைக் கால அரபியை அல்லாஹ் 16ஆம் அத்தியாயத்தில் கண்டிக்கிறானே, அந்தக் கறுத்த முகத்தை நம் வீட்டுக் கண்ணாடியில் பார்க்கும்படி ஆகலாமா?

சபுராளி வீட்டுக் கணக்கு

நம் ஊர்களில் இன்னொரு கொடுமையும் நடக்கிறது. மாப்பிள்ளை வளைகுடா நாட்டில் வேலை. திருமணத்துக்கு வந்தபோது இரண்டு மாதம் தங்கினார். பின்னர் இரண்டாண்டுக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. ஐந்தாண்டு கழிந்ததும், "ஐந்து வருஷமாக வயிறு திறக்கவில்லை" என்று ஊர் பேசுகிறது. சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் ஆறே மாதம்!

பெண்ணின் கருமுட்டை வெளிப்பட்ட பின் சுமார் ஒரு நாள்தான் உயிருடன் இருக்கும். ஆணின் அணு அவள் உடலில் ஐந்து நாள் வரை உயிர் வாழலாம். ஆகவே மாதத்தில் கரு உண்டாகக்கூடிய நாட்கள் ஏறத்தாழ ஆறுதான். குறையேதும் இல்லாத தம்பதிகளுக்கும் சில மாதங்கள் ஆவது இயல்பு. ஓராண்டு முழுவதும் பிரியாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால்தான் மருத்துவர்கள் அதைக் குறை என்று கருதி ஆராய்வார்கள். மனைவிக்கு வயது 35ஐத் தாண்டிவிட்டால் ஆறு மாதத்திலேயே பார்ப்பது நல்லது என்பார்கள். ஆறு மாதம் மட்டும் கணவனுடன் வாழ்ந்த இளம்பெண்ணை ஐந்தாண்டு மலடி என்று தூற்றுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? ரியாலை எண்ணத் தெரிந்த நமக்கு நாட்களை எண்ணத் தெரியவில்லையா?

திருமறை காட்டும் நல்லோர்

ஸகரிய்யா நபி (அலை) அவர்களின் துஆவை மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் காண்கிறோம். அவர்கள் தம் இறைவனை மெல்லிய குரலில், இரகசியமாக அழைத்தார்கள். துஆவை எப்படித் தொடங்கினார்கள்? தம் எலும்புகள் பலவீனமடைந்துவிட்டதையும் தலை நரைத்துவிட்டதையும் முதலில் முறையிட்டார்கள். தம் குறையைச் சொன்ன பிறகே மனைவியின் நிலையைச் சொன்னார்கள். அதையும் ஊரார் முன்னிலையில் சொல்லவில்லை. இறைவனிடம் மட்டுமே சொன்னார்கள். எத்தனை அழகான அதபு! நம் ஆண்களோ தம்மைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், மனைவியின் குறையைத் தேநீர்க் கடை வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்.

அஷ்ஷூரா அத்தியாயத்தின் இறுதிப் பகுதியைப் பாருங்கள். தான் நாடியவர்களுக்குப் பெண்மக்களையும், நாடியவர்களுக்கு ஆண்மக்களையும், நாடியவர்களுக்கு இருபாலரையும் தருவதாகவும், நாடியவர்களைப் பிள்ளையற்றவர்களாக ஆக்குவதாகவும் அல்லாஹ் அறிவிக்கிறான். அங்கே வரும் 'அகீம்' என்ற சொல் ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். நால்வகை மக்களையும் ஒரே மூச்சில் சொன்ன இறைவன், நான்காம் வகையினரைப் பழிக்கவில்லை. பழிப்பதற்கு நாம் யார்?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. உம்மத்தின் பெண்களில் அவர்களைவிட மேலான அறிவு பெற்றவர் யார்? தம் தோழியர் எல்லோருக்கும் பிள்ளையின் பெயரால் குன்யா இருக்கிறதே என்று அவர்கள் ஏங்கியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் சகோதரியின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் 'உம்மு அப்துல்லாஹ்' என்று அழைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த மனத்தைப் புண்படுத்தும் சொல் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பெருமை தரும் பெயர் ஒன்றைத் தந்தார்கள். கணவன்மார்களே, இந்த ஸுன்னத்தை நாம் என்றைக்குக் கடைப்பிடிக்கப் போகிறோம்?

பெருமானாரின் ஆண்மக்கள் இளமையிலேயே மறைந்தபோது, சந்ததியற்றவர் என்று ஏசியவர்கள் மக்கத்துக் குறைஷிகள். அந்த ஏச்சுக்குப் பதிலாகவே கவ்ஸர் அத்தியாயம் இறங்கியது என்பர் விரிவுரையாளர்கள். பிள்ளையில்லை என்று ஒருவரை ஏசுவது யாருடைய வழி என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மருத்துவம் செய்யலாம், எல்லை மீறலாகாது

நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிகளாரின் போதனை. ஆகவே பிள்ளையில்லாதவர்கள் தயங்காமல் நல்ல மருத்துவரிடம் செல்ல வேண்டும்; இருவரும் சேர்ந்தே செல்ல வேண்டும். பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகள் பல. குழாய்களில் மருந்து செலுத்திப் படம் எடுப்பது முதல் வயிற்றில் துளையிட்டுப் பார்ப்பது வரை வேதனையும் செலவும் மிக்கவை. ஆணுக்கு முதலில் வேண்டியதோ ஒரே ஒரு இந்திரியப் பரிசோதனை. எளியதை ஒதுக்கிவிட்டுக் கடினமானதை அவள் மீது சுமத்துவது எந்த வகை நீதி?

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவைத் தவிர்த்திருக்கச் சொல்வார்கள். இந்திரியத்தை மனைவியின் துணையுடன் எடுப்பதே பேணுதலான முறை. இதில் ஐயமிருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். முதல் பரிசோதனையில் குறை தெரிந்தாலும் மனம் ஒடிந்துவிட வேண்டாம். ஓர் அணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதம் ஆகிறது. காய்ச்சல் கண்டு தேறியவனுக்கும் சில வாரம் அணு குறைந்திருக்கலாம். ஆகவே சிறிது காலம் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். புகையை விட்டொழிப்பது இன்றே செய்யக்கூடிய மருத்துவம். சுவரொட்டி ஒட்டி, விடுதி அறையில் உட்கார்ந்து லேகியம் விற்பவனிடமும், ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு தகடு எழுதித் தருபவனிடமும் பொருளை இழக்காதீர்கள்.

1978 ஜூலை 25ல் இங்கிலாந்தில், உடலுக்கு வெளியே கருவுற்ற முதல் குழந்தை பிறந்தது. அம்முறையைக் கண்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரே ஒரு விந்தணுவை எடுத்து ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை மூலம் பிறந்த குழந்தைகள் பற்றி 1992ல் பெல்ஜியத்திலிருந்து செய்தி வந்தது. அணுக்கள் மிகக் குறைவாக உள்ள ஆணும் தன் சொந்தப் பிள்ளைக்குத் தந்தையாக இதனால் வழி பிறந்தது.

மார்க்கத் தீர்ப்பு என்ன? 1980ல் எகிப்தின் முஃப்தி ஜாதுல் ஹக் அவர்கள் இதுபற்றி ஃபத்வா வழங்கினார்கள். 1986ல் ஜோர்தான் நாட்டின் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஏழு முறைகளை ஆராய்ந்து ஐந்தை ஹராம் என்றும், தேவை ஏற்படும்போது இரண்டில் தவறில்லை என்றும் முடிவு செய்தது. சுருக்கம் இதுதான்: கணவனின் அணு, மனைவியின் முட்டை, அந்த மனைவியின் கருப்பை, நிலைத்திருக்கும் நிக்காஹ். இந்த நான்கும் கூடியிருந்தால் ஆகும். மூன்றாவது மனிதரின் அணுவோ, முட்டையோ, கருப்பையோ நுழைந்தால் ஆகாது. ஏனெனில் வம்சத்தைக் கலப்பின்றிக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. ஆகவே சிகிச்சை பெறுவோர், மாதிரிகள் மாறிவிடாமல் காக்கப்படுகின்றனவா என்பதை மருத்துவமனையில் வாய்விட்டுக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இச்சிகிச்சை கடமையும் அல்ல. வட்டிக்குக் கடன் வாங்கி இதைச் செய்யும் நிர்ப்பந்தம் யாருக்கும் இல்லை.

குடும்பமும் ஜமாஅத்தும் செய்ய வேண்டியது

பிள்ளையில்லை என்பதற்காகத் தலாக்கும் மறுமணமும் பேசப்படும்போது, "மாப்பிள்ளை பரிசோதனை செய்துகொண்டாரா?" என்ற கேள்வியை ஜமாஅத்துப் பெரியவர்கள் முதலில் கேட்கட்டும். மறுமணத்தை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் தன் நிலை என்னவென்று தெரியாமலே ஒருத்தியை மலடி என்று அனுப்பிவிட்டு, இன்னொருத்தியையும் அதே குழியில் தள்ளுவது அநீதி. இரண்டாவது மனைவிக்கும் பிள்ளையில்லாமல் போய், அனுப்பப்பட்டவள் வேறிடத்தில் வாழ்க்கைப்பட்டுத் தாயான கதைகளை நம் ஊர்கள் அறியாதவையா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், பிள்ளை பெறும் தகுதியற்ற ஒருவர் மணமுடித்தார். அதை அவளிடம் சொன்னாயா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றதும், போய்ச் சொல்லிவிட்டு, உன்னுடன் இருப்பதா வேண்டாமா என்ற உரிமையை அவளுக்குக் கொடு என்று ஆணையிட்டார்கள். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆதில் இச்செய்தியை எடுத்தெழுதியிருக்கிறார்கள். ஆணுக்கும் இக்குறை உண்டு என்பதும், பெண்ணுக்கு அதை அறியும் உரிமை உண்டு என்பதும் அன்றைக்கே தீர்ந்துபோன விஷயங்கள்.

கணவனிடம் குறை என்று தெரிய வந்தால், மனைவிமார்களும் அதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவரலாகாது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்று அல்லாஹ் உவமை கூறியிருக்கிறான். ஆடையின் வேலை மறைப்பதல்லவா? மாமிமார்களே, உங்கள் மருமகளும் ஓர் உம்மா பெற்ற பிள்ளை. உங்கள் மகனின் கையைப் பிடித்து, "வா வாப்பா, நீயும் ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடு" என்று சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

எல்லா முயற்சிக்குப் பிறகும் பிள்ளை கிடைக்காமல் போகலாம். அது இறைவனின் கோபத்துக்கு அடையாளமல்ல. அநாதையை அரவணைப்பவர் சுவனத்தில் தம்முடன் இரு விரல்களைப் போல நெருங்கியிருப்பார் என்று பெருமானார் (ஸல்) நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஓர் அநாதைப் பிள்ளையை எடுத்து வளருங்கள். ஆனால் அதன் பெற்ற தந்தையின் பெயரை அழித்துவிடாதீர்கள். மஹ்ரம் முறைகளையும் பேணிக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! பிள்ளைச் செல்வத்துக்காக ஏங்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு ஸாலிஹான சந்ததிகளைத் தந்தருள்வாயாக! யாருக்கு நீ தரவில்லையோ அவர்களின் உள்ளங்களில் அமைதியை நிரப்பி, அதைவிட மேலானதை மறுமையில் வழங்குவாயாக! எங்கள் நாவுகளை அவதூறிலிருந்தும், எங்கள் இல்லங்களை அநீதியிலிருந்தும் காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.